புதிய பாகம் பொருத்திய பின் தடுமாறும் கணினி

வீட்டுக் கணினியில் ரேம் கூட்டுவது, கிராபிக்ஸ் கார்டு போடுவது, பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுவது எல்லாம் அரை மணி நேர வேலைகள். தொல்லை தொடங்குவது பெரும்பாலும் அன்றே அல்ல, சில நாள் கழித்து. விளையாட்டின் நடுவே திரை கறுத்துப்போகும். யாரும் தொடாமலே ரீஸ்டார்ட் ஆகும். பிரவுசர் மட்டும் அடிக்கடி தானாக மூடிக்கொள்ளும். காலையில் முதல் தடவை போடும்போது ஹேங் ஆகி, இரண்டாம் தடவை எழுந்துகொள்ளும். முழுதாகப் படுத்துவிட்ட கணினியைச் சரிசெய்வது இதைவிட எளிது, ஏனென்றால் அங்கே எது வேலை செய்யவில்லை என்று உடனே தெரிந்துவிடும். விட்டுவிட்டு விழுகிற கணினியிலோ, கையில் கிடைத்ததை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, ஒரு மாலை முழுக்க ஒழுங்காக ஓடினால் ‘சரியாகிவிட்டது’ என்று நம்பிவிடுவார்கள்.

புதிதாக வந்த பாகம்தான் முதல் சந்தேகத்துக்கு உரியது. ஆனால் பல நேரம் குறை பழைய பாகத்தில் இருக்கும். அதுவரை வெளியே தெரியாமல் இருந்ததைப் புதிய பாகத்தின் சுமை வெளிக்கொண்டு வந்திருக்கும். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், ஆறேழு ஆண்டு உழைத்த பின், கூடுதலாக 150 வாட் கேட்கும்போது திணறும். இரண்டு ரேமோடு நன்றாக ஓடிய மதர்போர்டு, நான்கைப் போட்டதும் அதே வேகத்தில் ஓட மறுக்கும். இது புரியாதவர்கள் கடையில் சண்டை போட்டுக் கார்டை மாற்றி வாங்கி வருவார்கள். மாற்றிய கார்டும் அதே போலத் தடுமாறும். ஆகவே இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் முறை முழுவதும் ஒரே விதியின் மேல் நிற்கிறது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதி வைப்பது.

திறக்கும் முன்

ஸ்க்ரூடிரைவரைத் தேடும் முன் கோப்புகளைப் பத்திரப்படுத்த வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. புதிதாகப் போட்டது ரேம் என்றால், அதை வைத்துக்கொண்டே படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்கில் நகல் எடுப்பது ஆபத்து. கெட்ட ரேம் வழியாகப் போகும் கோப்பு எந்தப் பிழைச் செய்தியும் தராமல் சிதையலாம்; அப்போது காப்பு நகலும் கெட்ட நகலாகவே சேரும். புதிய ரேமைக் கழற்றிவிட்டு நகல் எடுப்பது, அல்லது டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து எடுப்பதுதான் முறை. இதே காரணத்தால், ரேம் மீதான சந்தேகம் தீரும்வரை விண்டோஸ் அப்டேட், பயாஸ் அப்டேட் இரண்டையும் தள்ளிப்போட வேண்டும்.

அடுத்தது டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கே இது தெரிந்திருக்காது. பயாஸ் அமைப்பை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ, திரை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் அவரவர் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி ஓடும்போதே அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பயாஸைத் தொட்ட பிறகு தேடுவது பெரும் பாடு.

பதிவுகள் சொல்வது

விண்டோஸில் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஸ்டார்ட் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் வரும் ரிலையபிலிட்டி மானிட்டர், நாள்வாரியாக எது எப்போது விழுந்தது என்பதைச் சிவப்புக் குறிகளோடு காட்டும். பாகம் மாற்றிய தேதியை அதில் வைத்துப் பார்த்தால், தொல்லை அதற்கு முன்பே தொடங்கியிருப்பது சில நேரம் தெரியவரும். அப்படியானால் தேடும் திசையே மாறிவிடும்.

இரண்டாவது ஈவென்ட் வியூவர். அதில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. முந்தைய தடவை கணினி முறைப்படி நிற்கவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதன் விவரப் பகுதியில் ‘பக்செக் கோடு’ என்ற எண் இருக்கும். அது பூஜ்யமாக இல்லாவிட்டால், விண்டோஸ் ஒரு பிழையைக் கண்டு தானே நின்றது என்று பொருள். பூஜ்யமாக இருந்தால், பிழையைக் குறித்துவைக்கக்கூட நேரமில்லாமல் மின்சாரம் அறுந்திருக்க வேண்டும், அல்லது கணினி அசையாமல் உறைந்திருக்க வேண்டும்.

‘டபிள்யூஹெச்இஏ லாகர்’ என்ற பெயரில் வரும் பதிவுகள் இன்னும் பயனுள்ளவை, ஏனென்றால் அவை வன்பொருளே கொடுக்கும் வாக்குமூலம். எண் 18 என்றால் மீளமுடியாத பிழை. 19 என்றால் பிராசஸர் தானே திருத்திக்கொண்ட பிழை. எண் 17 பெரும்பாலும் பிசிஐஇ வழியில், அதாவது கிராபிக்ஸ் கார்டு அல்லது எம்.2 எஸ்எஸ்டி இருக்கும் பாதையில், திருத்தப்பட்ட பிழையைக் குறிக்கும். கணினி விழாமலே இத்தகைய பதிவுகள் நூற்றுக்கணக்கில் குவிந்துகொண்டிருந்தால் அதையும் கோளாறாகவே கொள்ள வேண்டும்.

நீலத்திரை வந்து கண்ணிமைக்கும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிவிட்டால், சிஸ்டம் அமைப்பில் ‘தானாக ரீஸ்டார்ட் செய்’ என்ற தேர்வை எடுத்துவிட வேண்டும். அப்போது திரை நிற்கும், பிழையின் பெயரைப் படிக்கலாம். (2025 முதல் விண்டோஸ் 11-இல் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது, வேலை அதேதான்.) ஒவ்வொரு தடவையும் ஒரே பெயர் வந்தால் ஒரு டிரைவரையோ ஒரு பாகத்தையோ குறிவைத்துத் தேடலாம். தடவைக்கு ஒரு பெயராக மாறி மாறி வந்தால் ரேம் அல்லது மின்சாரம் மீதே சந்தேகம் வலுக்கிறது. பெயரை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற பிழை ரேமால் வரலாம், டிஸ்காலும் வரலாம், மோசமான டிரைவராலும் வரலாம்.

பழைய நிலைக்குத் திரும்பிப் பார்த்தல்

புதிய பாகத்தைக் கழற்றி, பழையதைப் போட்டு, வழக்கமான வேலைகளோடு சில நாள் ஓட்டிப் பார்ப்பதுதான் எல்லாச் சோதனைகளிலும் வலிமையானது. செலவில்லாதது; ஆனாலும் பொறுமை இல்லாமல் பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். தொல்லை நின்றுவிட்டால், புதிய பாகமோ அது கொண்டுவரும் சுமையோ காரணம். நிற்காவிட்டால், மாற்றும்போது கை பட்டு வேறு ஏதோ நழுவியிருக்கலாம்: 24 பின் மின் இணைப்பு பாதி வெளியே வந்திருப்பது, பிராசஸருக்கான 8 பின் இணைப்பு முழுதாக உட்காராதது, கழன்ற ஸ்க்ரூ ஒன்று மதர்போர்டுக்கு அடியில் கிடப்பது. மதர்போர்டையே மாற்றியவர்கள், துளை இல்லாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஒன்று மிச்சமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது போர்டின் பின்புறப் பற்றவைப்பைத் தொட்டால் எப்போதாவது மட்டும் ஷார்ட் ஆகும்.

மின்சாரம்

தமிழ்நாட்டு வீடுகளில் கிராபிக்ஸ் கார்டு போட்ட பின் வரும் தொல்லையில் முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை விட்டுவிட்டு, ஓரத்தில் இருக்கும் சிறு அட்டவணையைப் படிக்க வேண்டும். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் வரிசையிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. அந்த வரிசைக்கு 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், கிடைப்பது 192 வாட் மட்டுமே. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 170 வாட் கேட்கும். இன்டெல் ஐ5 12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை போகும். இரண்டும் சேர்ந்தாலே 287 வாட். இன்டர்நெட் பார்க்கும்போது ஒன்றும் ஆகாமல், விளையாட்டைத் திறந்ததும் கணினி பட்டென்று அணைவதற்கு இந்தக் கணக்கே போதுமான விளக்கம். இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் அளவு 550 வாட்.

சராசரிக் கணக்கு சரியாக இருந்தும் சில கணினிகள் விழும். புதிய கார்டுகள் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தங்கள் அளவைவிட மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும். அந்தத் துள்ளலை ஆபத்தென்று எண்ணி எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னை அணைத்துக்கொள்ளும். 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதற்காகவே, 100 மைக்ரோ நொடிக்கு இரட்டிப்புச் சுமையைத் தாங்க வேண்டும் என்று நிர்ணயித்தது. பெட்டியில் இருக்கும் ‘80 பிளஸ்’ முத்திரை இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான அளவுகோல் அது. தங்க முத்திரை இருந்தால் தரமும் தங்கம் என்று நினைப்பது கடைக்காரருக்கு வசதி.

இணைப்புக் கம்பிகளிலும் கணக்கு உண்டு. பிசிஐஇ ஸ்லாட் 75 வாட் தரும்; 6 பின் இணைப்பு 75 வாட்; 8 பின் இணைப்பு 150 வாட். எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் கம்பி இல்லாதவர்கள் சாட்டா கம்பியிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டரை வாங்குகிறார்கள். சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு இருப்பது மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட். அதில் 150 வாட்டை இழுத்தால் கம்பி உருகும், தீயும் பிடிக்கலாம். இந்த அடாப்டரை எந்தச் சூழலிலும் பயன்படுத்தக்கூடாது. பெரிய கார்டுகளுக்கான 16 பின் இணைப்பு வேறு வகைக் கவலை. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அது உருகிய செய்திகள் வந்தன. முழுதாகச் செருகாமல் விடுவது முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கண்டறியப்பட்டு, 2023-இல் இணைப்பின் வடிவமும் திருத்தப்பட்டது. இடைவெளி தெரியாமல் செருகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கியவர்கள் செய்யும் மிகச் செலவான தவறு, பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் கம்பிகளை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவது. கம்பியின் எஸ்எம்பிஎஸ் பக்க முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. நிறுவனத்துக்கு நிறுவனம், சில நேரம் மாடலுக்கு மாடல் வேறுபடும். முனை பொருந்தும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்குகள் எல்லாம் ஒரே நொடியில் சாகும்.

மல்டிமீட்டர் இருந்தால், பழைய நான்கு பின் இணைப்பில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே அளந்து பார்க்கலாம். 11.4 முதல் 12.6 வோல்ட் வரை ஏற்கத்தக்கது. சுமையில்லாதபோது 12.1 காட்டி, விளையாட்டு ஓடும்போது 11.5-க்கு இறங்கினால் எஸ்எம்பிஎஸ் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். மேலே சொன்ன நொடிநேரத் துள்ளல்கள் மல்டிமீட்டரில் தெரியாது. ஆகையால் அளவு சரியாக இருப்பது முழு நற்சான்று ஆகாது. நண்பரிடமிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை ஒரு நாளுக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே உறுதியான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

சுவர் பக்கமும் ஒரு பார்வை தேவை. வீடுகளில் அதிகம் விற்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். மேம்படுத்திய கணினியும் மானிட்டரும் சேர்ந்து அதைத் தாண்டினால், கரண்ட் போகும் கணத்தில் யூபிஎஸ் கத்திவிட்டுக் கைவிட்டுவிடும். கரண்ட் இருக்கும்போது சாதாரணமாக ஓடும் என்பதால் பழி கிராபிக்ஸ் கார்டின் மேல் விழும். சில மலிவான யூபிஎஸ்கள் தரும் படிக்கட்டு வடிவ அலை, புது எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் மாறும் கணத்திலேயே அணைத்துவிடுவதும் உண்டு. சோதனை நாள்களில் யூபிஎஸ்ஸை விலக்கி நேரடியாகச் சுவரில் செருகிப் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? எர்த் இல்லை என்று பொருள். எர்த் கம்பி இல்லாதபோது, எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிச் சுற்று உலோக உடலைச் சுமார் 115 வோல்ட்டில் மிதக்க விடுகிறது. மிகச் சிறு மின்னோட்டம் என்பதால் உயிருக்கு ஆபத்தில்லாமல் போகலாம். ஆனால் டிவியோடு ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் கணத்தில் போர்ட்டைக் கெடுக்கும் அளவுக்கு அது போதும். எர்த் இணைப்பில்லாத இரண்டு பின் அடாப்டர் மாட்டியிருந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்க்க வேண்டும்.

ரேம்

ரேம் போட்ட பிறகு திரையே வரவில்லை என்றால் உடனே கழற்ற வேண்டாம். டிடிஆர்5 மதர்போர்டுகள் புதிய ரேமைக் கண்டதும் அதன் நேர அளவுகளைத் தாமே பழகிக்கொள்ளும். அப்போது சில நிமிடங்கள் வரை திரை கறுப்பாகவே இருக்கும். அவசரப்பட்டு நடுவில் அணைத்தால் பழகும் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்தும் ஒன்றும் இல்லை என்றால்தான் கோளாறு. பல மதர்போர்டுகளின் ஓரத்தில் பிராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என்ற நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எதில் நின்றுவிடுகிறதோ அங்கிருந்து தேடலாம்.

பொருத்தும் இடம் முக்கியம். நான்கு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் இரண்டு ரேம் மட்டும் போடும்போது, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் போட வேண்டும். சில போர்டுகளில் தாழ்ப்பாள் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். மறுமுனை அரைகுறையாக உட்கார்ந்தாலும் ‘கிளிக்’ சத்தம் கேட்டுவிடும். இரு முனைகளையும் சம அழுத்தத்தில் இறக்க வேண்டும்.

ரிப்பேர் கடைகளில் ரேமின் தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போடுவது நெடுநாள் வழக்கம். பல நேரம் பலனும் தருகிறது, ஆனால் பாதிப் பலன் கழற்றி மாட்டியதாலேயே வருவது. ரப்பர் தங்கப் பூச்சைத் தேய்க்கும், துகள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணியால் துடைப்பது மேல்.

இனி வேகம். ரேம் பெட்டியில் 3200 என்றோ 6000 என்றோ போட்டிருக்கும் எண், பெரும்பாலும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பைப் பயாஸில் இயக்கினால் மட்டும் கிடைப்பது. ரேம் தயாரிப்பாளர் ‘இந்த ரேம் இந்த வேகத்துக்குத் தாங்கும்’ என்று சொல்கிறார். பிராசஸரும் மதர்போர்டும் தாங்கும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. ஸ்லாட் நிறையும்போது இது இன்னும் கடினமாகிறது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ரேமுக்கு 5200. நான்கு போட்டால் 3600. ஆகவே 6000 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜோடியோடு அதே மாடலில் இன்னொரு ஜோடியைச் சேர்த்துவிட்டு, பழைய அமைப்பிலேயே ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரே பெயர், ஒரே மாடல் எண் என்றாலும் உள்ளே வேறு நிறுவனத்தின் சிப்புகள் இருக்கலாம். இரண்டாகவோ நான்காகவோ ஒரே பெட்டியில் விற்பவையே சேர்த்துச் சோதிக்கப்பட்டவை. எக்ஸ்போவில் மின்னழுத்தமும் ஒரு விஷயம்: 2023-இல் சில போர்டுகள் அதை மிகையாக ஏற்றி ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் எரிந்த பிறகு, எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு வைத்துப் புதிய பயாஸ்கள் வெளியாயின. அந்தக் காலத்துப் போர்டு வைத்திருப்பவர்கள் பயாஸ் தேதியைப் பார்ப்பது அவசியம்.

சோதனையை இப்படி நடத்தலாம். முதலில் எக்ஸ்எம்பியை அணைத்துச் சாதாரண வேகத்தில் சில நாள் ஓட்டுவது. தொல்லை நின்றால் ரேம் கெட்டதல்ல, வேகம்தான் அதிகம். ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம். பயன்பாட்டில் வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. நிற்காவிட்டால், மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விட வேண்டும். குறைந்தது நான்கு சுற்று. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். ‘கோடியில் ஒன்றுதானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது. பிழை வந்தால், ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொரு ரேமாகப் போட்டு ஓட்டினால் கெட்ட ரேம் சிக்கும். எல்லாம் தேறினால், தேறிய ஒன்றை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போட்டுக் கெட்ட ஸ்லாட்டைக் கண்டுபிடிக்கலாம். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் இதைவிட மென்மையான சோதனை. அதில் தேறியதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

பிராசஸர், பயாஸ், சூடு

பழைய மதர்போர்டில் புதிய பிராசஸர் போடும்போது பயாஸ் பதிப்பு முதலில் பொருந்த வேண்டும். 2018-இல் வந்த பி450 போர்டுகளில் 2020-இல் வந்த ரைசன் 5000 பிராசஸரைப் போட, புதிய பயாஸ் கட்டாயம். அதைப் பழைய பிராசஸர் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். பயாஸ் ஏற்றிய பிறகு அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். டிஸ்க் இயங்கும் முறை மாறி ‘இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற பிழை வந்தால் பதற வேண்டாம். பயாஸில் பழைய முறையையே மறுபடி தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் எழுந்துகொள்ளும்.

கூலரைப் பொருத்துவதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது. மற்றொன்று, பழைய கூலரைப் புதிய சாக்கெட்டில் வலிந்து பொருத்துவது. இன்டெல்லின் எல்ஜிஏ 1200-இல் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ 1700-இல் 78. தாங்கியை மாற்றாமல் இழுத்துக் கட்டினால் அழுத்தம் சமமாக விழாது. அழுத்தம் கோணலானாலோ சாக்கெட்டின் ஊசி வளைந்தாலோ, ஒரு பக்கத்து ரேம் மட்டும் காணாமல் போவது வினோதமாகத் தோன்றும் ஓர் அறிகுறி. ரேமை எத்தனை தடவை மாற்றினாலும் அது தீராது.

சூட்டை ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கருவியில் பார்க்கலாம். இன்டெல் பிராசஸர்கள் பல 100 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியிலும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சூட்டால் முதலில் வருவது மந்தம். கணினி அணைவது அதற்கும் பிறகு. அறையின் வெப்பம் 28 டிகிரியாக இருந்த மார்கழியில் சோதித்துத் தேறிய கணினி, 40 டிகிரிக் கத்திரி வெயிலில் அதே கூலரோடு தேறும் என்று சொல்ல முடியாது. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, உள்ளேயும் ஏறக்குறைய அத்தனை ஏறும்.

சுமை இருக்கும்போது நன்றாக ஓடி, சும்மா இருக்கும்போது விழுகிற கணினி பலரைக் குழப்பும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு பயாஸில் மிகையாக வைக்கப்பட்டிருப்பது இதற்கு ஒரு பொதுக் காரணம். பழைய பிராசஸருக்காகச் செய்த அமைப்பை, புதியதைப் போட்டதும் முழுதாக அழித்துவிட வேண்டும். மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் பொத்தான் செல்லைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பெரும்பாலான போர்டுகளில் அது அழியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்ய வேண்டும்.

பிழைச் செய்தி எவ்வளவு திசைதிருப்பும் என்பதற்கு இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்களே சான்று. விளையாட்டுகள் ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி விழுந்தன. கிராபிக்ஸ் கார்டை மாற்றியவர்களும் டிரைவரை அழித்து அழித்துப் போட்டவர்களும் ஏராளம். மிகையான மின்னழுத்தத்தால் பிராசஸரே தேய்ந்துகொண்டிருந்தது. சுருக்கி வைத்த தரவை விரிக்கும்போது அது தவறாகக் கணக்கிட்டது, அந்தத் தவறு வீடியோ மெமரிப் பிழையாக வெளிப்பட்டது. 2024-இல் இன்டெல் காரணத்தை அறிவித்து, அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் மைக்ரோகோடு திருத்தங்களைப் பயாஸ் வழியே வெளியிட்டது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் மேலும் தேய்வதைத் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. இந்த வரிசையைப் பழைய பொருளாக வாங்கிப் போடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு

மின்சாரப் பக்கம் சரியென்று தெரிந்த பிறகே டிரைவருக்கு வர வேண்டும். ஏஎம்டி கார்டிலிருந்து என்விடியாவுக்கோ மறுபுறமாகவோ மாறியிருந்தால், பழைய டிரைவரின் மிச்சங்கள் உள்ளே கிடக்கும். டிடியூ என்ற கருவியை சேஃப் மோடில் ஓட்டி, இரண்டையும் சுத்தமாக நீக்கி, இன்டர்நெட்டைத் துண்டித்த நிலையில் புதிய டிரைவரைப் போடுவது வழக்கம். கார்டு இரண்டு நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை மீண்டும் தொடங்க முயலும். அதுவும் முடியாதபோதுதான் ‘வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்’ வருகிறது. புதிய டிரைவரில்தான் பிழை என்று தோன்றினால் ஒரு பதிப்பு பின்னே போய்ப் பார்க்கலாம்.

கார்டை நிமிர்த்தி வைக்க நீட்டிப்புக் கேபிள் பயன்படுத்துபவர்கள், அந்தக் கேபிள் பிசிஐஇ மூன்றாம் தலைமுறைக்கானதா என்று பார்க்க வேண்டும். நான்காம் தலைமுறைக் கார்டை அதில் இணைத்தால் திரை மின்னி மறையும், பதிவு எண் 17 குவியும். பயாஸில் அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கி வைத்தால் தீர்ந்துவிடும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டு வேலை செய்யவில்லை என்பவர்களும் உண்டு.

டிஸ்க் முதலியவை

எம்.2 எஸ்எஸ்டி போட்ட பின் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால், அது கெட்டுவிடவில்லை. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஓரிரு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. ஒன்றைப் பயன்படுத்தினால் மற்றது அணைந்துவிடும். கையேட்டைப் பார்த்து வேறு போர்ட்டில் மாற்றிச் செருகினால் போதும். சாட்டா டிஸ்க் திடீரென நின்று நின்று ஓடினால், கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் சிஆர்சி பிழை எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அது ஏறிக்கொண்டே போனால் குறை கேபிளில். டிஸ்கை மாற்றத் தேவையில்லை.

வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு நகர்வதையும் கணினி ஹேங் ஆவதாக எண்ணுவார்கள். யூஎஸ்பி 3.0 டிஸ்குகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைப் பரப்பும். 2012-இல் இன்டெல்லே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. மவுஸின் சிறு ரிசீவரைக் கேபினெட்டின் முன்பக்கம் மாற்றிச் செருகினால் சரியாகும். டிரைவர் போட்ட பிறகு ஷட் டவுன் கொடுத்து மறுபடி போடுவது முழுத் தொடக்கம் அல்ல என்பதும் கவனிக்கத் தக்கது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயக்கத்தில் இருந்தால் விண்டோஸ் தன் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து மீண்டும் ஏற்றும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

சோதித்து முடிப்பது

காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றினால், கணினியை வேண்டுமென்றே வருத்திப் பார்க்க வேண்டும். பிரைம்95 பெரும் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள். கணக்கில் ஒரு துளி தவறு வந்தாலும் கண்டுபிடித்துவிடும் என்பதால் பிராசஸர் சோதனைக்குப் பேர் பெற்றது. அதன் சிறு அளவுச் சோதனை பிராசஸரையும் கூலரையும் வாட்டும். கலப்புச் சோதனை ரேமையும் சேர்த்து இழுக்கும். ஃபர்மார்க் கிராபிக்ஸ் கார்டை மட்டும் சூடேற்றும். எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும். ஓசிசிடி என்ற கருவியில் அதற்கென்றே தனிச் சோதனை உண்டு. சூட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். மட்டமான எஸ்எம்பிஎஸ் இருக்கும் கணினியில் இதை ஆளில்லாமல் விட்டுப் போகக்கூடாது. பிறகு, முன்பு எந்த வேலையில் விழுந்ததோ அதே வேலையை, முன்பு விழுந்த இடைவெளியைப் போல இரண்டு மூன்று மடங்கு காலம் செய்து பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை விழுந்த கணினி மூன்று நாள் ஓடியதில் எந்தச் செய்தியும் இல்லை.

பாகம்தான் கெட்டது என்று உறுதியானால் உத்தரவாதம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும், முதல் சில நாளுக்குப் பிறகு பெரும்பாலும் இறக்குமதியாளரின் சேவை மையத்துக்கே அனுப்புவார்கள். பில், பெட்டி, வரிசை எண் தெரியும் புகைப்படம், மெம்டெஸ்ட் பிழை வந்த திரையின் படம் ஆகியவை கையில் இருந்தால் பேச்சு சுருங்கும். மையத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று திருப்பிக் கொடுப்பது வழக்கம் என்பதால், எந்தச் சோதனையில் எவ்வளவு நேரத்தில் பிழை வந்தது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்ப்பது நல்லது. மதர்போர்டை அனுப்பும்போது சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை மறக்காமல் போட்டு அனுப்ப வேண்டும். வழியில் ஊசி வளைந்தால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள்.